பொழுதுபோக்கு சி.என்.சி. மரச்செதுக்கும் அதற்கான மென்பொருள்களும்

சி.என்.சி. மரச்செதுக்கு என்பது, கணினியில் வரைந்த உருவத்தை எண்களாக மாற்றி, அந்த எண்களின்படி நகரும் சுழல்முனையால் பலகையில் வெட்டி எடுக்கும் முறையாகும். எண் கட்டுப்பாட்டில் இயங்கும் எந்திரம் 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. அப்போது அது உலோகம் வெட்டும் பெருந்தொழிலுக்கு மட்டுமே உரியது. 2009-இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 'கிர்பிள்' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதிய பிறகு, அர்டுயினோ என்னும் உள்ளங்கை அளவு மின்பலகையே மூன்று அச்சுகளையும் இயக்கப் போதுமானதாயிற்று. மேசைமேல் வைக்கும் சிறு எந்திரங்கள் வீடுகளில் பரவியதற்கு இதுவே பெரிய காரணம்.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் பெரும்பாலோர் இந்த வேலையை முதலில் பார்ப்பது வாசற்கதவில்தான். தாமரை, யானை, கஜலட்சுமி என்று வெட்டிய கதவுப் பலகைகள் இப்போது புதுவீடுகளில் சாதாரணம். இதே வட்டாரத்தில் கைச்செதுக்கு மரபும் உயிரோடு இருக்கிறது. 2019 நவம்பர் 26 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. எனவே இங்கு சி.என்.சி. கற்பவர் எந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

மூன்று படிகள்

புதிதாகத் தொடங்குவோர் எந்திரத்தை வாங்கிவிட்டு மென்பொருளைத் தேடுகிறார்கள். முறை தலைகீழாக இருப்பது நல்லது. மென்பொருளில் பெரும்பகுதியை எந்திரம் இல்லாமலேயே, திரையில் வெட்டிப் பார்த்துக் கற்கலாம். திரையில் செய்யும் தவற்றுக்குப் பலகை செலவாகாது.

வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதலில் உருவம் வரைதல். அடுத்து எந்தப் பிட், எந்த ஆழத்தில், எந்த வழியே செல்ல வேண்டும் என்று பாதை வகுத்தல். கடைசியாக அந்தப் பாதையை எந்திரத்துக்கு வரி வரியாக அனுப்புதல். பாதை எழுதப்படும் மொழிக்கு ஜி-கோடு என்று பெயர். வரைவதற்கு இங்க்ஸ்கேப், பாதை வகுக்க ஃப்ரீகேட், அனுப்புவதற்கு யுனிவர்சல் ஜிகோடு சென்டர் ஆகிய மூன்றும் இலவசம். முதல் இரண்டு படிகளையும் ஒன்றாகச் செய்யும் மென்பொருள்களும் உண்டு. கார்பைட் கிரியேட் எளிது. வெக்ட்ரிக் நிறுவனத்தின் வி-கார்வ் விலை கொடுத்து வாங்க வேண்டியது. பெயர்ப்பலகை வேலையே முக்கியம் என்றால் அந்த விலைக்குத் தகும். இணைய உலாவியிலேயே இயங்குவது ஈசல். (மழைக்கால ஈசல் அன்று, ஓவியச் சட்டகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மரத்தோடு தொடர்புடைய பூச்சியின் பெயராகவும் தமிழில் அமைந்துவிட்டது.) ஃப்யூஷன் திறன் மிக்கது. ஆனால் அதன் தனிநபர் இலவச உரிமத்தில், வெட்டாமல் நகரும் இடங்களிலும் எந்திரம் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து செல்லும்.

அளவு மாறிப்போவது இந்தப் படிகளுக்கு இடையில் அடிக்கடி நேர்வது. ஜி-கோட்டின் தொடக்கத்தில் ஜி21 இருந்தால் மில்லிமீட்டர், ஜி20 இருந்தால் அங்குலம். மாறிவிட்டால் உருவம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். இதைக் கண் உடனே கண்டுகொள்ளும். கண்ணுக்குத் தப்புவது வேறொன்று. பழைய இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கிட்டது, 0.92 பதிப்பு முதல் 96 புள்ளி. பழைய கோப்பைப் புதிய கணக்கில் திறந்தால் 100 மி.மீ. கோடு 93.75 மி.மீ. ஆகிவிடும். எனவே ஒவ்வொரு கோப்பிலும் 100 மி.மீ. சதுரம் ஒன்றைச் சேர்த்து வரைந்து, அடுத்த மென்பொருளில் அதை அளந்து பார்த்துவிட்டு நீக்குவது நல்ல பழக்கம்.

தமிழ் எழுத்துகளைச் செதுக்குதல்

பொழுதுபோக்காகத் தொடங்குவோர் முதலில் செய்ய விரும்புவது பெரும்பாலும் வீட்டுப் பெயர்ப்பலகையைத்தான். தமிழில் இதற்கென்று சில சிக்கல்கள் உண்டு; ஆங்கில வழிகாட்டிகளில் அவற்றுக்கு விடை கிடைக்காது.

ஒருங்குறியில் 'தெ' என்பது 'த' முதலிலும் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் கடமை. செதுக்கு மென்பொருள்கள் பல இதைச் செய்வதில்லை. 'தென்பெண்ணை' என்று தட்டினால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் நிற்கும். 'விழுப்புரம்' என்று தட்டினால் ழு, பு இரண்டும் உடைந்து உகரக்குறி தனியே நிற்கும். பலகையில் வெட்டிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை.

தீர்வு எளிது. பெயரை இங்க்ஸ்கேப்பில் தட்டினால் எழுத்துகள் சரியாக அமையும். பிறகு எழுத்தைப் பாதையாக மாற்றும் கட்டளையைத் தர வேண்டும். அதன்பின் அது எழுத்து அன்று, வெறும் கோட்டுருவம். எந்த மென்பொருளுக்குக் கொண்டுபோனாலும் குலையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கோடுகளை ஒன்றிணைத்து, எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். ஒன்றிணைக்க மறந்தால் ஏறிய இடங்களில் பிட் தேவையற்ற கோடு போடும்.

அடுத்தது பிட். 3 மி.மீ. தட்டைமுனைப் பிட் 2 மி.மீ. அகலமுள்ள சுழிக்குள் நுழையாது. ண, இ போன்ற எழுத்துகளின் சுழிகளை மென்பொருள் எச்சரிக்கை எதுவுமின்றி விட்டுவிடவும் கூடும். அதனால் எழுத்துக்கு வி-முனைப் பிட்டே ஏற்றது. கோடு அகலமானால் ஆழமாகவும், குறுகினால் மேலோட்டமாகவும் அது வெட்டும். 60 பாகை முனை 6 மி.மீ. அகலக் கோட்டில் 5.2 மி.மீ. ஆழம் செல்லும், 90 பாகை முனை 3 மி.மீ. மட்டுமே. தடித்த எழுத்துருவில் கோடு 20 மி.மீ. அகலம் என்றால் 60 பாகை முனைக்கு 17.3 மி.மீ. ஆழம் தேவைப்படும். 12 மி.மீ. பலகையாக இருந்தால் அடியிலுள்ள மேசையும் சேர்ந்து வெட்டுப்படும். ஆழ வரம்பு ஒன்றைக் குறித்துவிட்டால் இது நேராது.

புடைப்புச் சிற்பமும் நேரக்கணக்கும்

கதவுகளில் காண்பவை புடைப்புச் சிற்பங்கள். இவற்றுக்கு உருண்டைமுனைப் பிட் பலகையின் குறுக்கே நெருக்கமான கோடுகளாக ஓட வேண்டும். கோடுகளுக்கு இடையிலுள்ள தொலைவுதான் வழவழப்பையும் நேரத்தையும் முடிவு செய்கிறது. 300-க்கு 200 மி.மீ. பலகையில் 0.3 மி.மீ. இடைவெளி என்றால் ஏறத்தாழ 667 ஓட்டங்கள், மொத்தம் 200 மீட்டர். நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகத்தில் 3 மணி 20 நிமிடம். இடைவெளியை 0.6 ஆக்கினால் நேரம் பாதியாகும். 3 மி.மீ. உருண்டைமுனை அப்போது விடும் மேட்டின் உயரம் 0.03 மி.மீ. மட்டுமே, உப்புத்தாள் அதைப் பார்த்துக்கொள்ளும். 0.3 தேவைப்படுவது முகத்துக்கும் விரல்களுக்கும் மட்டும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு: சுழற்சி எண்ணிக்கையை வெட்டுவிளிம்பு எண்ணிக்கையாலும், ஒரு விளிம்பு எடுக்க வேண்டிய சீவலின் தடிமனாலும் பெருக்க வேண்டும். 10,000 சுழற்சி, 2 விளிம்பு, 0.05 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. மெதுவாக ஓட்டினால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். மிக மெதுவாக ஓடும் பிட் மரத்தைச் சீவாமல் தேய்க்கும். மரம் கருகும், முனையும் மழுங்கும். சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் வேகம் போதவில்லை என்று பொருள்.

மின்சாரம், மரம், தூசு

மூன்று மணி நேர வேலையைத் தொடங்கும் முன் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் போனால் கிர்பிள் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் யு.பி.எஸ். இணைப்பது இதைவிடக் கெடுதல்: சுழல் மோட்டார் நின்றிருக்க, அச்சுகள் மட்டும் நகர்ந்து பிட்டை உடைக்கும். பலகையில் தொடக்கப் புள்ளியை ஊசிமுனையால் குறித்து வைத்திருந்தால் மீண்டும் தொடங்குவது எளிது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் ஈரம் இழுக்கும். நன்றாக உலராத பலகை வெட்டியபின் வளையும். வாகை, தேக்கு போன்ற மரங்களின் பழைய வீட்டுத் துண்டுகள் கிடைத்தால் நல்லது. ஆனால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கடினமரத் தூசைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாயில் கைக்குட்டை கட்டுவது போதாது. என்-95 முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் வேண்டும். குழந்தைகள் படுக்கும் அறையில் எந்திரம் வைக்கவே கூடாது.

கைச்செதுக்கும் எந்திரச்செதுக்கும்

மூன்று அச்சு எந்திரத்தில் பிட் மேலிருந்து மட்டுமே இறங்கும். உடலைவிட்டு விலகி நிற்கும் கை, காதுக்குப் பின்னுள்ள குடைவு, திருவாசியின் உட்புறம் ஆகியவை அதற்கு எட்டா. நான்காவது சுழலச்சு சேர்த்தால் ஓரளவு எட்டும். கள்ளக்குறிச்சிச் சிற்பியின் உளி எல்லாப் பக்கமும் செல்கிறது; மரத்தின் இழை எங்கே திரும்புகிறதோ அங்கே தானும் திரும்புகிறது. எந்திரத்துக்கு இழை தெரியாது. பருவெட்டை எந்திரத்தில் முடித்து, முகத்தையும் கண்ணையும் உளியால் திறப்பதும் ஒரு வழி. முழு எந்திர வேலையைவிட அது பார்க்க நன்றாகவே இருக்கும்.

விற்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இணையத்தில் வாங்கிய ஒரே எஸ்.டி.எல். கோப்பிலிருந்து எத்தனை விநாயகரையும் வெட்டலாம். அதைக் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்று விற்பது, 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் காக்கும் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். மாதக்கணக்கில் உளி பிடித்தவரின் விலையையும் அது கீழே இழுக்கும். கோப்பின் உரிமத்திலும் விற்பனைக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தப் பயனுக்கு மட்டும் என்று தரப்படுபவை ஏராளம். பலகையின் பின்புறத்தில் 'எந்திரச்செதுக்கு' என்ற சொல்லையும் மரத்தின் பெயரையும் ஆண்டையும் வெட்டிவிட 60 பாகை வி-முனைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.