விடுமுறையில் ஆசிரியர் ஓதும் பாடம்

திருவிடைமருதூர் வட்டாரத்தில் கல்வியாண்டுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. பள்ளிக்கூடங்களுக்கு ஜூன் மாதம் ஆண்டுத் தொடக்கம். அரபுக் கல்லூரிகளுக்கு ஷவ்வால். முன்னது கதிரவனைப் பின்பற்றுவது. பின்னது பிறையைப் பின்பற்றுவது: ஷஃபானில் தேர்வு முடிந்து, ரமளான் விடுமுறை கழிந்து, பெருநாளுக்குப் பின் ஓதல் தொடங்கும். பிறை ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவாதலால் இவ்விரு விடுமுறைகளும் சில காலம் ஒன்றுகூடிப் பின்னர் விலகிச் செல்லும். 2019ஆம் ஆண்டில் ரமளானின் பெரும்பகுதி மே மாதத்தில் அமைந்தது. பள்ளி ஆசிரியரும் மதரஸா ஆசிரியரும் ஒரே வெயிலில் ஓய்ந்திருந்தனர். 2025இல் அது மார்ச் மாதத்திலும் 2026இல் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் வந்தது. காவிரிப் படுகையில் அது தாளடி அறுவடைக் காலம். இச்செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மாணவனுக்கு விடுமுறை என்பது ஓய்வு. ஆசிரியருக்கு அது என்ன? ஓய்வும் வேண்டியதே. எனினும் வரவிருக்கும் ஆண்டில் கற்பிப்பதற்கு முன், தாம் கற்க வேண்டியது எது என்னும் வினா அவருக்கு உண்டு. இதனைப் பள்ளிக்கல்வித் துறையினர் ஒரு வகையாகவும், நம் முன்னோர்களான உலமாப் பெருமக்கள் வேறொரு வகையாகவும் எதிர்கொண்டுள்ளனர்.

நம் நாட்டில் கோடை விடுமுறையை ஆசிரியர் கல்விக்குரிய காலமாகக் கருதும் முறை 1960களில் வலுப்பெற்றது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியர்களுக்கான கோடை வகுப்புகள் பெருகின. அம்முறையைப் பின்பற்றி 1963 முதல் இந்தியாவிலும் கோடைகால வகுப்புகள் நடத்தப்பட்டன. அமெரிக்கப் பேராசிரியர்களும் நம் நாட்டுப் பேராசிரியர்களும் ஆசிரியர்களுக்கு இயற்பியலையும் கணிதத்தையும் கற்பித்தனர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம், ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதங்களேனும் பணியிடைக் கல்வி பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. (அக்கொள்கையைப் பற்றிய வழக்கு வேறு, அதனுள் நாம் நுழையவில்லை.)

இன்று நம் வட்டாரத்து ஆசிரியர் அறிந்திருப்பது வட்டார வள மையப் பயிற்சி. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டபோது இவ்வகைப் பயிற்சி தமிழகமெங்கும் நடந்தது; மறு ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது விரிந்தது. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு. அவர்கள் வட்டாரத்தில் அனைவருக்கும். படுகையில் வாழ்பவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. மேட்டூரில் திறந்த நீர் ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் எனப் பிரிந்து கடைமடை வயலுக்கு வரும்போது எவ்வளவாக இருக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். கடைமடைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ‘இதைச் செய்க’ என்னும் அறிவுரையே. ‘இது ஏன்’ என்னும் விளக்கம் வழியிலேயே வற்றிவிடுகிறது.

இதற்கு மாறான ஒரு தொடக்கமும் தமிழகத்தில் நிகழ்ந்ததுண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டபோது, அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளை நேரில் கண்டனர். திரும்பி வந்து பாட அட்டைகளைத் தாங்களே உருவாக்கினர். 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முறை 2007இல் மாநிலம் முழுமைக்கும் கொண்டுசெல்லப்பட்டது. அப்போது கடைமடை ஆசிரியருக்குக் கிடைத்தவை ஆயத்த அட்டைகள். அட்டை உருவாக்கியவர் பெற்ற கல்வி அவருக்குக் கிடைக்கவில்லை. அம்முறையைப் பற்றிப் பின்னாளில் எழுந்த மனக்குறைகளில் பாதி இதனால் விளைந்தவை என்பது நம் கருத்து.

அரபுக் கல்லூரியின் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே ஆசிரியருக்குப் பயிற்சி என ஓர் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. முதாலஆ உண்டு, அதாவது மறுநாள் ஓதிக்கொடுக்க வேண்டிய பக்கங்களை முந்திய இரவு உரைகளோடு பார்த்து வைத்தல். இது சிறந்த வழக்கமே. ஆனால் பாடத்திட்டமோ 1748இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் வகுப்புமுறையைத் தழுவியது. ஒரே கிதாபை இருபது ஆண்டுகள் ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்கு அந்த முதாலஆ நாளடைவில் சடங்காகிவிடும் அபாயம் உண்டு.

முன்னோர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 733 (கி.பி. 1333)இல் மறைந்த இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள், கற்பிப்போர் கற்போர் ஒழுக்கங்களைப் பற்றி எழுதிய ‘தத்கிரத்துஸ் ஸாமிஉ வல் முதகல்லிம்’ என்னும் நூலில், பதவியாலோ வயதாலோ குலத்தாலோ தம்மினும் கீழ்நிலையில் உள்ளவரிடமிருந்து தாம் அறியாததைக் கற்க ஆசிரியர் கூச்சப்படலாகாது என்பதை ஆசிரியருக்குரிய ஒழுக்கங்களுள் ஒன்றாக வைக்கிறார். சான்றாக அவர் காட்டுவது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கும் ஹுமைதீ (ரஹ்) அவர்களுக்கும் இருந்த உறவை. மக்காவிலிருந்து மிஸ்ருக்கு இமாமுடன் சென்ற ஹுமைதீ, அவர்களிடம் சட்ட நுணுக்கங்களைக் கற்றார். மாணவரான ஹுமைதீயிடமிருந்து இமாம் ஹதீஸ்களைப் பெற்றார்கள். இந்த ஹுமைதீயே இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர். ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸ் இவர் வழியாகவே தொடங்குகிறது.

இவ்வொழுக்கத்திற்குத் திருவிடைமருதூருக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. அது நம் சமயத்தைச் சார்ந்ததன்று; ஆயினும் ஆசிரியர் யாவருக்கும் உரியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவிடைமருதூர் உலாவைப் பாடியவர். அவருடைய மாணவரான உ.வே. சாமிநாதையர் 1880இல் தம் 25ஆம் வயதில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிச் சொன்னபோது, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சிந்தாமணி முதலியவற்றைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். ஐயர் படித்ததில்லை.

அதன்பின் அவர் செய்தது கருதத்தக்கது. வேலை கிடைத்துவிட்டது, இருக்கும் நூல்களே கற்பிக்கப் போதும் என அவர் அமையவில்லை. சீவகசிந்தாமணியின் ஏட்டைப் பெற்றுப் பயிலத் தொடங்கினார். சமணக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்திற்குச் சென்றார். சைவ மடத்தில் பயின்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர், புலவர் எனப் பெயர் பெறாத சமணக் குடும்பத்தாரிடம் ஐயம் கேட்டு அமர்ந்தார்! அங்கே சிந்தாமணி தொடர்ந்து படிக்கப்பட்டு வந்த நூலாகவே இருந்தது. கல்லூரி விடுமுறைகள் அவருக்குச் சுவடி தேடும் பயணக் காலங்களாயின. 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவரால் அச்சேறின. இவையனைத்தும் அவர் கும்பகோணத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை.

நூலுக்குள் இருப்பதை விளக்கும் அறிவு நூலுக்கு வெளியே, ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கக்கூடும். இதனை நம் அரபுக் கல்லூரிப் பாடம் ஒன்றினைக் கொண்டே காணலாம்.

ஃபிக்ஹு நூல்களில் விளைபொருள் ஜகாத் பற்றிய பகுதி உண்டு. படுகையில் ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழ்வதால் இரு வழியிலும் இதை ஓதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. விளைச்சல் குறைவாயினும் கூடுதலாயினும் கடமை உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ இருந்தாலே கடமையாகும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், நெல்லைப் போன்று உமியோடு சேமிக்கப்படுபவற்றுக்குப் பத்து வஸக் என்றொரு விதி வருகிறது. உமியைக் கருதி அளவு இரட்டிக்கப்படுகிறது.

மாணவன் வேளாண்குடிப் பிள்ளை. அவன் கேட்பான்: “ஹஜ்ரத், அது எத்தனை மூட்டை?”

ஐந்து வஸக் என்பதை இக்காலத்தில் ஏறத்தாழ 650 கிலோ என எழுதுகின்றனர். விடுமுறையில் வெளியே சென்று விசாரியாத ஆசிரியர் அதை இரட்டித்து 1,300 கிலோ நெல் என்பார். அரசு கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டைக் கணக்கில் அது முப்பத்திரண்டரை மூட்டை. நெல் அரைவை ஆலையை அறிந்தவரோ வேறொன்று சொல்வார்: நூறு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 67 கிலோ அரிசி. அப்படியானால் 650 கிலோ அரிசிக்கு 970 கிலோ நெல்லே போதும். அது 24 மூட்டையைச் சற்றே தாண்டும். எது சரி? மின்ஹாஜ் தவறியதா?

தவறவில்லை. வஸக்கும் ஸாஉம் முகத்தலளவைகள். இரண்டு மரக்கால் நெல்லுக்கு ஒரு மரக்கால் அரிசி என்பதே நம் பாட்டிமார் அறிந்த கணக்கு. (சோழர் காலக் கல்வெட்டுகளில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கும் உண்டு, குற்றித் தீட்டும் அளவுக்கேற்ப இது மாறும்.) நெல் எடை குறைந்து இடத்தை அடைப்பது, ஆகவே அளவில் இரு மடங்காவது எடையில் ஒன்றரை மடங்கை ஒட்டியே நிற்கும். இரட்டிப்பது மரக்காலுக்குரியது, தராசுக்குரியதன்று. 28 மூட்டை கண்ட ஒரு சிறு விவசாயியை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் எந்த அளவையைப் பற்றினார் என்பதைப் பொறுத்து, அவருடைய களத்திலிருந்து ஏழைக்குரிய பங்கு வெளியேறும் அல்லது உள்ளேயே தங்கிவிடும். ஃபத்வா வழங்குவது நம் நோக்கமன்று, அதற்குரியோர் இருக்கின்றனர். ஆசிரியர் கற்க வேண்டியது எங்கே கிடக்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

இன்னும் ஒன்று. ஒரே ஆண்டில் அறுவடையாகும் இரு போகங்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது ஷாஃபிஈ நூல்களின் விதி. குறுவை எப்போது அறுவடையாகிறது, தாளடி எப்போது களத்துக்கு வருகிறது என்பதை அறியாமல் இவ்வரியை எப்படி ஓதிக்கொடுப்பது? நெல் அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே நிற்கும் பயிருக்குள் தெளிக்கப்படும் உளுந்து வேறு இனம். அது நெல்லோடு சேராது. இதையெல்லாம் வகுப்பறையில் சொல்ல இயலும். வரப்பில் நின்றால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் ஆடுதுறையில், நம் வட்டத்திலேயே, இருக்கிறது.

நீர்ப்பாசன விதியே இவற்றுள் கடினமானது. மழையாலும் ஆற்றாலும் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. உழைத்தும் செலவிட்டும் இறைத்த நீரால் விளைந்ததற்கு இருபதில் ஒன்று. நூல்கள் கமலையையும் நீரிறைக்கும் ஒட்டகத்தையும் பேசுகின்றன. இங்கே இருப்பது ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2024இல் அன்று திறக்கப்படவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தனர். அவ்வாண்டு குறுவையை மோட்டாரால் தொடங்கி, பின்னர் ஆற்றுநீர் வந்து முடித்தவர் எந்தக் கணக்கில் வருவார்? எந்த நீர் மிகுதியோ அதையே கொள்க என்பது ஹனஃபீ வழி. பயிரின் வாழ்நாளில் ஒவ்வொரு நீரும் பெற்ற பங்குக்கேற்பப் பகுக்க என்பது ஷாஃபிஈ வழி. விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நாற்றங்காலுக்கு எத்தனை நீர், நடவுக்குப் பின் எத்தனை நாள் முறைவைத்து வாய்க்காலில் நீர் வந்தது என்பவை விவசாயிக்கு மட்டுமே தெரியும்.

இவற்றைக் கற்க அரபுக் கல்லூரி ஆசிரியருக்கு நேரம் உண்டா என்பது நியாயமான கேள்வி. ஹாஃபிழான ஆசிரியர்கள் ரமளானில் தராவீஹ் தொழுகை நடத்த வெளியூர்களுக்கும், சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். பலர் மதரஸாவின் நிதி வசூலுக்கு அனுப்பப்படுகின்றனர். ஊதியம் குறைவாயிருக்கும் இடத்தில் இவ்வருவாயைக் கைவிடச் சொல்வது அறமாகாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் நடத்தப்படும் கோடைகால மார்க்க வகுப்புகளும் இவர்கள் தோளிலேயே விழுகின்றன. மிஞ்சுவது ஷஃபானின் கடைசி நாட்களும், பெருநாளுக்கும் ஓதல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட சில நாட்களுமே.

அந்நாட்கள் போதும். ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கும் முறை ஒன்றுண்டு: சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தை ஆயத்தம் செய்வர், ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பர், பின் கூடித் திருத்துவர். நம் மாணவர்கள் இரவில் வட்டமாக அமர்ந்து செய்யும் தக்ராரை ஆசிரியர்கள் செய்தால் எப்படியோ, அப்படி. அண்டை ஊர்களின் நான்கைந்து மதரஸா ஆசிரியர்கள் ஷவ்வால் முதல் வாரத்தில் மூன்று நாட்கள் கூடலாம். நிர்வாகிகள் செய்ய வேண்டியவை இரண்டு: அந்நாட்களுக்கு வசூல் பணியிலிருந்து விடுவித்தல், அந்நாட்களை ஊதிய நாட்களாகக் கருதுதல். ஒரு கிதாபு முழுவதையும் எடுக்க வேண்டாம், ஓர் அத்தியாயம் போதும். மஹல்லாவின் விவசாயிகள் இருவரையும் நெல் அரைவை ஆலைக்காரர் ஒருவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்த வேண்டும்.

முதல் நாளுக்குரிய கேள்வி ஒன்றும் ஆயத்தமாக இருக்கிறது. தமிழகத்தில் 1990ஐ ஒட்டி விவசாயப் பம்புசெட்டுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. இறைக்கும் செலவைக் கருதியே கடமை பாதியாகக் குறைந்தது என்றால், மின்கட்டணம் இல்லாத மோட்டார் நீருக்கு இருபதில் ஒன்றா, பத்தில் ஒன்றா? துளையிட்ட செலவு, மோட்டார் பழுது, ஆண்டுதோறும் கீழிறங்கும் நீர்மட்டம் ஆகியவற்றை விவசாயிகள் எடுத்துரைப்பார்கள். ஆசிரியர்கள் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கட்டும்.