உங்களுக்குத் தெரியுமா? இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல

★ காலையில் எழுந்ததும் உங்கள் உயரத்தை அளந்து பாருங்கள். இரவு படுக்கப்போகும் முன் மறுபடி அளந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் 23 ஜவ்வுகளும் பகலெல்லாம் உடல் பாரத்தில் நீரை இழந்து, இரவில் நாம் படுத்திருக்கும்போது அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. எடையே தெரியாத விண்வெளியில் வீரர்களின் உயரம் 3 சதவீதம் வரை கூடுகிறது. ஆனால் முதுகு சுகமாக இருக்கிறதா? இல்லை, அங்கே போன பலருக்கு முதுகு வலிதான் வருகிறது.

★ 2020-இல் உலகம் முழுக்க 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2050-இல் இது 84 கோடியைத் தாண்டும் என்பது கணிப்பு. இவர்களில் 10-இல் 9 பேருக்கு, 'இதோ இந்த எலும்பு, இந்த நரம்பு' என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரு காரணம் கிடைப்பதில்லை. அதற்காக வலி பொய்யாகிவிடாது. தசைப்பிடிப்பு, தூக்கக்குறைவு, மனக்கவலை, வேலைப்பளு எல்லாம் அதற்குள் இருக்கலாம். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன வலி?" என்று வீட்டில் கேட்பவர்கள் தயவுசெய்து அந்தக் கேள்வியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

★ "எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கு" என்று எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பார்த்த நாளிலிருந்து குனியப் பயந்து, குடத்தைத் தூக்கப் பயந்து, பேரப்பிள்ளையை இடுப்பில் வைக்கப் பயந்து வாழ்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை ஒரு மருத்துவக் குழு தொகுத்து 2015-இல் வெளியிட்டது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்ந்திருந்தது. 30 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. 80 வயதில் தேய்மானம் 96 சதவீதம், பிதுக்கம் 84 சதவீதம். இத்தனைக்கும் இவர்களில் யாருக்கும் வலி கிடையாது! பெரும்பாலும் தலைமுடி நரைப்பது போன்ற வயதின் அடையாளம்தான் அது. ஸ்கேன் தேவைப்படும் நேரங்கள் உண்டு, கடைசியில் சொல்கிறேன். ஆனால் ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லாத புது வலிக்கு முதல் வாரமே ஸ்கேன் எடுப்பதால் குணம் சீக்கிரம் வருவதில்லை. பயம்தான் சீக்கிரம் வருகிறது.

★ பிதுங்கிய ஜவ்வு பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடும். அதிலும் பெரிதாக உடைந்து வெளியே வந்த துண்டுகள்தான் அதிகம் கரைகின்றன. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை வேண்டாத பொருளாக எண்ணித் தின்றுவிடுகின்றன. பின்தொடை வழியே கால்வரை இழுக்கும் சயாட்டிகா வலி வந்தவர்களிலும் பெரும்பாலோர் கத்தி படாமலே தேறுகிறார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும்.

★ பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. திடீர் இடுப்பு வலியோடு வந்தவர்களில் ஒரு பிரிவினரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது பிரிவினரிடம், "வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். முதலில் தேறியது அந்த மூன்றாவது பிரிவுதான். படுத்திருந்தவர்கள் தேற அதிக நாள் ஆனது.

★ கால் வழியாகப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் ஊர்களில் தேடிப்போய் மிதி வாங்குவார்கள். திடீரென்று வரும் பிடிப்பு எப்படியும் சில நாட்களிலோ, சில வாரங்களிலோ தணிந்துவிடக்கூடியது. பெயர் மிதித்தவருக்குப் போகிறது. எலும்பு வலுவிழந்த வயதானவர்களை மட்டும் தயவுசெய்து யாரும் மிதிக்க வேண்டாம், முதுகெலும்பு நொறுங்கிவிடலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இதமாக இருக்கும்.

★ புதிதாக வந்த இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்து ஆஸ்திரேலியாவில் சுமார் 1,650 பேரிடம் சோதித்தார்கள் (2014). மாத்திரை சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள்.

★ நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டியவை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பதையும் அது பரிந்துரைக்கிறது.

★ இடுப்பு வலி ஒருமுறை வந்தால் மறுபடி வருவது வழக்கம். அதைத் தள்ளிப்போட என்ன வழி? ஆஸ்திரேலியாவிலேயே, வலி குணமான 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. பாதிப் பேருக்கு இயன்முறை மருத்துவர் வழிகாட்டி, வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் நடக்கும் அளவுக்குப் படிப்படியாகப் பழக்கினார். நடக்காத பிரிவில் வலி திரும்பிவர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 112 நாள். நடந்த பிரிவில் 208 நாள். காசில்லாத மருத்துவம் இது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

★ "கட்டாந்தரையில் படு" என்ற அறிவுரையைக் கேட்டு அவதிப்படுகிறவரா நீங்கள்? ஸ்பெயினில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 313 பேரிடம் 2003-இல் ஒப்பிட்டுப் பார்த்ததில், கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே வலியை அதிகம் குறைத்தது.

★ முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், மலம் தன்னையறியாமல் கழிந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால்கள் வலுவிழந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம், தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். பெரிய அடி, கீழே விழுந்தது, முன்பு புற்றுநோய் வந்தது ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

★ இரவிலும் விடாத முதுகு வலி, சாயங்காலக் காய்ச்சல், உடல் மெலிவு மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த நோயாளிகளை மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுக்கவைத்தார்கள். சென்னையில் இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுக்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், கால் செயலிழக்காத நிலையில் வந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டபடி நடமாடிக்கொண்டே தேறினார்கள். 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைவிட அவர்கள் குணமடைந்த விகிதத்தில் பின்தங்கியிருக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் அந்த மாத்திரைகள் இலவசம்.