‘ராஜி’ பேசலாமா?

நெய்வேலியில் ஷிப்டு விடும் நேரம்.

சுரங்கத்திலிருந்தும் அனல் மின் நிலையத்திலிருந்தும் ஆட்கள் வீடு திரும்புகிறார்கள். பைக், ஸ்கூட்டர், சைக்கிள், பஸ் எல்லாம் ஒரே சமயத்தில் ரோட்டுக்கு வருகின்றன. டவுன்ஷிப்பின் ரோடுகள் அகலமானவை. இருபுறமும் மரங்கள். அந்த வசதியே ஓர் ஆபத்து! “ரோடு காலியாகத்தானே இருக்கிறது” என்று பையிலிருந்து செல்போனை எடுக்கத் தோன்றும்.

வீட்டிலிருந்து ஒரு மெசேஜ்: “வரும்போது தக்காளி வாங்கி வாங்க.”

படிக்க 3 நொடி ஆகும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பைக், 3 நொடியில் 33 மீட்டர் ஓடிவிடும். அதாவது, சுமார் 110 அடி. அத்தனை தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். “சரி” என்று பதில் எழுதினால் இன்னும் எத்தனை அடியோ!

25 பேர் பலி

2008 செப்டம்பர் 12–ந் தேதி அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரு பயணிகள் ரெயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய், எதிரே வந்த சரக்கு ரெயிலில் மோதியது. 25 பேர் இறந்தார்கள். ரெயில் டிரைவர் செல்போனில் மெசேஜ் அனுப்பிக் கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அவரும் பிழைக்கவில்லை.

நம் நாட்டில், செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபத்தாக வண்டி ஓட்டினால் முதல் தடவையே 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2019–ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

அது ஓட்டியவருக்கு. அடிபட்டவருக்கு என்ன?

“ஒரே ஷிப்டு, அண்ணே!”

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்பும் ஒரு தாயார் மீது பைக் மோதுகிறது. கால் எலும்பு முறிகிறது. ஓட்டியவர் யார்? அந்தத் தாயாரின் கணவருடன் வேலை செய்பவர்!

அன்று இரவே ஆள் வருகிறது. “அண்ணே, ஒரே ஷிப்டுல வேலை பார்க்கிறோம். போலீஸ், கோர்ட்டு எல்லாம் எதுக்கு? 20 ஆயிரம் தர்றேன். பேசி முடிச்சுக்கலாம்.”

கணவர் மனம் இளகிவிடும். முகம் முறிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால், நஷ்ட ஈட்டைக் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. நண்பரின் சம்பளத்திலிருந்து போவதில்லை. நண்பர் மீது போலீஸ் வழக்கு வரும் என்பது மெய்தான். ஆனால் அதற்காக முறிந்த காலின் செலவை ஒரு குடும்பம் ஏன் சுமக்க வேண்டும்?

எலும்பு முறிவு, சட்டப்படி கொடுங்காயம். யார் தவறு என்று நிரூபிக்காமலே அதற்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். மரணம் என்றால் 5 லட்சம். அதைவிட அதிகம் வேண்டுமென்றால், ஓட்டியவரின் தவறைக் காட்டி, விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எது லாபம் என்று வக்கீலைக் கேட்டுக் கொள்வது நல்லது. அடிபட்டவரும் செல்போன் பார்த்தபடி நடந்திருந்தால், தொகை குறையலாம்.

“வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர் உண்டு. சும்மாவா இருக்கிறாள்? டெல்லியில் விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் வழக்கில், இல்லத்தரசியின் வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

மாடிப்படி கதை

அடிபட்டதும் 108–க்குப் போன் செய்ய வேண்டும். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டப்படி, அரசு குறித்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் இல்லை.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓட்டியவரைக் காப்பாற்ற, “மாடிப்படியில் விழுந்துவிட்டாள்” என்று எழுத வைக்கிறார்கள். அந்த ஒரு வரி, பின்னால் கோர்ட்டில் காலை வாரிவிடும். முறிந்த காலையே!

போலீசில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நம்பர், மருந்துச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நடந்ததிலிருந்து 6 மாதம் என்கிறது சட்டம். கெடு தாண்டிவிட்டாலும், வக்கீலைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம்? பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. நெய்வேலியில் இந்த இரண்டு பேரும் இல்லாத வீடு எது? கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் கேட்க விரும்பினால் நம்பர் 15100. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசலாம்.