மிதிக்கிற தூரம் – 6: மட்கார்டு இல்லாத வண்டி வேண்டாம்

போன வாரம் வழியை முடிவு செய்தோம். இந்த வாரம் வண்டி.

சைக்கிள் கடையில் முன்வரிசையில் நிற்பவற்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தடித்த முள்டயர், முன் ஃபோர்க்கில் ஷாக், 21 கியர், பளபளவென்று டிஸ்க் பிரேக். மட்கார்டு இருக்காது. கேரியர் இருக்காது. செயின் கவர் இருக்காது. மலைப்பாதையில் இறங்குகிற வண்டியின் தோற்றம் அது. வேலைக்குப் போகிறவருக்கு அன்றாடம் வேண்டிய எல்லாமே அதிலிருந்து கழற்றப்பட்டிருக்கின்றன. ஆபீசுக்கு உடுத்துகிற உடுப்போடு ஏறி, சாப்பாட்டுப் பையையும் மாட்டிக்கொண்டு, மழை விட்ட தெருவில் போய், இருட்டிய பிறகு திரும்பி வர முடியுமா? வண்டியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த சோதனை இது ஒன்றுதான்.

மட்கார்டில் தொடங்குகிறேன். பின் டயர் வாரி இறைக்கிற தண்ணீர் முதுகில் நேர்கோடாக ஏறும். முன் டயர் இறைப்பது செருப்பிலும் செயினிலும் விழும். சென்னைத் தெருவில் ஐப்பசி, கார்த்திகையில் தேங்குவது மழைத்தண்ணீர் மட்டுமல்ல, சாக்கடையும் சேர்ந்ததுதான். ஆகவே டயரை முழுதாக மூடி, கீழே ரப்பர் பட்டை தொங்குகிற மட்கார்டு வேண்டும். சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் துண்டு போதவே போதாது. கடையில் வண்டியைக் குனிந்து பார்த்து, பின் அச்சுக்கு மேலும் முன் ஃபோர்க்கின் நுனியிலும் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். துளை இருந்தால் மட்கார்டும் கேரியரும் பிறகு மாட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் கிளாம்ப் போட்டு ஒப்பேற்ற வேண்டிவரும். அது ஆடும், சத்தம் போடும், ஒருநாள் கழன்று சக்கரத்தில் சிக்கும்.

கேரியர் ஏன் என்றால், நம் ஊர் வெயிலில் முதுகுப் பை மாட்டி மிதித்தால் சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்துவிடும். சுமையை முதுகிலிருந்து இறக்கி வண்டியில் வையுங்கள், பாதி வியர்வை குறையும். கேரியரிலேயே அது எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள், 25 கிலோ என்பது வழக்கம். இரு பக்கமும் தொங்கவிடுகிற பை வாங்குவதானால் மாட்டிப் பார்த்து மிதித்துப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் பையைப் பின்னால் தள்ள வேண்டும். பை வாங்கப் பணமில்லையா, பழைய டியூபை நீளவாக்கில் கிழித்துக் கட்டுங்கள். பால்காரரும் கீரைக்காரரும் காலங்காலமாக நம்பிய கயிறு அது.

ஃபிரேம் விஷயத்தில் ஆண்களுக்கும் சொல்கிறேன்: குறுக்குக் கம்பி தாழ்ந்த வண்டியை ஒதுக்காதீர்கள். கேரியரில் சுமை இருக்கும்போது காலைப் பின்னால் வீசி ஏறுவது சிரமம். சேலை, சுடிதார், வேட்டி எதுவானாலும் தாழ்ந்த ஃபிரேமில் ஏறுவதும் இறங்குவதும் சுலபம். ஆனால் இதில் விதி எதுவும் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். என்ன ஏற்றப்போகிறோம் என்று தெரிந்து வண்டியை எடுத்தவர்கள் அவர்கள்.

புது வண்டி வாங்கும் முன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். 2001-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டத்தால், பிளஸ் டூ முடித்த பிள்ளையின் வண்டி தூசி படிந்து நிற்கிற வீடுகள் ஏராளம். தெருமுனைக் கடையில் கொடுத்து ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ரிம் கோட்டம் எடுத்து, டயர், டியூப், பிரேக் கட்டை புதிதாகப் போட்டால், ஐந்தாறு கிலோமீட்டர் தூர வேலைக்கு அதுவே தாராளம். தொடங்கிப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

அந்தப் பழைய வகை வண்டியில் ஒரு குறை உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. கட்டை ரிம்மைத் தொடும், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும், ஆகவே மழையில் ஓட்டுகிறவர் சக்கரத்தை மாற்றிக்கொள்வது நல்லது. நெதர்லாந்துக்காரர்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆபீசுக்குப் போகிறவர்கள் ஓட்டுவது ஏறத்தாழ நம் தாத்தாக்களின் வண்டிதான்: நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், முழு மட்கார்டு, முழு செயின் கவர், பின்சக்கரத்தோடு சேர்ந்த பூட்டு. பிரேக்கை மட்டும் பல வண்டிகளில் ஹப்புக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மழை அங்கே எட்டாது. டிஸ்க் பிரேக்கும் மழையில் நன்றாகவே பிடிக்கும். வாங்கினால் கேபிள் இழுக்கிற வகையாகப் பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற வகைக்கு மருந்து தெருமுனைக் கடையில் கிடைக்காது.

தெருமுனைக் கடையை இத்தனை தடவை சொல்லக் காரணம் இருக்கிறது. காலை எட்டரைக்குப் பஞ்சர் ஆனால் நீங்கள் வண்டி வாங்கிய ஷோரூம் திறந்திருக்காது. தெருமுனைக் கடை மெக்கானிக் கழற்றி மாட்டக்கூடிய சக்கரமா, அவரிடம் இருக்கிற டியூபா என்பதைப் பாருங்கள். டயர் அளவில் பலர் ஏமாறுவதும் இங்கேதான். மலைப்பாதை வண்டியின் 26 அங்குல டயரும், 26 x 1⅜ என்று எழுதிய சாதா வண்டி டயரும் ஒன்றுக்கொன்று சேராது. முன்னதன் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர், பின்னது 590. பெரிய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு 635. 700சி என்று விற்கிற வண்டிக்கு 622. டயரின் பக்கத்தில் 40-635 என்பதுபோல் கோடு போட்டு இரண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம். அதைக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறு வராது. அகலம் 35-இலிருந்து 45-க்குள் இருந்தால் நம் குழிகளுக்கும் வேகத்தடைகளுக்கும் சரியாக இருக்கும். முள்டயர் தார்ச்சாலையில் இரைச்சலோடு இழுத்துப் பிடிக்கும், வேறு பயனில்லை. மழையில் வழவழ டயர் வழுக்குமோ என்ற பயமும் வேண்டாம். சைக்கிள் டயர் அத்தனை குறுகலானது, தண்ணீரைத் தானே பிளந்துகொண்டு போய்விடும். வழுக்குவது சாலையில் போட்ட பெயின்ட் கோடுகளிலும் இரும்பு மூடிகளிலும்தான்.

சென்னை தட்டையான ஊர். கியர் எதற்கு என்று கேட்பார்கள். மேம்பாலம், சுரங்கப்பாதை இருக்கின்றன, அவற்றைவிடக் காற்று இருக்கிறது. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். மேற்கே அம்பத்தூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு மாலையில் கிழக்கே திரும்புகிறவருக்கு அது எதிர்க்காற்று. அப்படிப்பட்ட வழியானால் பின்பக்கம் மட்டும் ஆறேழு கியர் இருந்தால் போதும். முன்பக்கம் மூன்று பல்சக்கரம் தேவையில்லை. ரயில்வே ஸ்டாண்டில் வண்டியை விடுகிறவர்கள் இதையும் யோசியுங்கள்: அங்கே வண்டிமேல் வண்டியாகச் சாய்த்து நெருக்குவார்கள், கியர் மாற்றுகிற கை வளையும், டிஸ்க் தகடு கோணும். ஸ்டாண்டில் நாள் முழுக்க நிற்க வேண்டிய வண்டிக்குக் கியர் இல்லாமலிருப்பதே ஆரோக்கியம்.

முன் ஷாக் வேண்டாம். மலிவு வண்டியில் அது கனம் மட்டுமே, மிதிக்கிற பலத்தையும் தின்னும்.

விளக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிவப்பை வாங்குங்கள், பின்னால் வருகிறவரை நாம் பார்க்க முடியாது. கணுக்காலில் கட்டுகிற ஒளிரும் பட்டை மேலும் கீழும் அசைவதால், மிதிக்கிற மனிதர் ஒருவர் போகிறார் என்று தூரத்திலேயே தெரியும். அது மலிவான பொருள், அவசியம் வாங்குங்கள். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும் போடுங்கள். பைக் ஹெல்மெட்டைப் போட்டு மிதித்தால் தலை வெந்துவிடும். சைக்கிளுக்கென்றே காற்றோட்டத்தோடு செய்தது, இஎன் 1078 முத்திரை உள்ளது, கிடைக்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும்.

பூட்டில் கம்பி வயர் வகையை நம்ப வேண்டாம், சின்னக் கட்டரே போதும் அதை அறுக்க. தடித்த யு வடிவப் பூட்டு கனம்தான், ஆனால் அதை ஆபீஸ் ஸ்டாண்டிலேயே பூட்டிவிட்டு வரலாம், தினமும் சுமக்க வேண்டியதில்லை. சக்கரத்தை மட்டும் பூட்டினால் வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஃபிரேமும் பின்சக்கரமும் அசையாத கம்பி ஒன்றும் மூன்றும் பூட்டுக்குள் வர வேண்டும். வாங்கிய அன்றே ஃபிரேமின் அடியில், பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். போலீசில் முதலில் கேட்பது அதைத்தான்.

(தொடரும்)