அசைவை நிறுத்தி நடையை மீட்கும் அறுவை

ஓர் எட்டு எடுத்து வைக்கிறோம். குதிகால் தரையைத் தொடுகிறது, பாதம் படிகிறது, பிறகு குதிகால் எழும்புகிறது. கால் தரையை விட்டுக் கிளம்பும் கடைசிக் கணத்தில் உடலை முன்னே தள்ளிவிடுவதில் பெரும்பங்கு கால் பெருவிரலுக்கு உண்டு. அப்போது அந்த விரலின் அடிமூட்டு சுமார் 40 முதல் 60 டிகிரி வரை மேல்நோக்கி மடங்குகிறது. ஒரு நாளில் ஒவ்வொரு காலும் சில ஆயிரம் முறை இதைச் செய்கிறது. வலிக்கத் தொடங்கும்வரை நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

அந்த மடக்கத்துக்குள் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பெருவிரல் மேலே மடங்கும்போது அது மூட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி இழுபடும். பாதத்தின் வளைவு உயர்ந்து, தளர்வாக இருந்த பாதம் விறைத்த நெம்புகோலாகிவிடும். 1954இல் இங்கிலாந்து மருத்துவர் ஜே. எச். ஹிக்ஸ் இதை விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பெருவிரலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்கால் குழிவது கண்ணுக்கே தெரியும்.

மூட்டு வழுக்கிக்கொண்டு இயங்கக் காரணம் குருத்தெலும்பு. எலும்பு முனைகளின் மேல் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் படிந்திருக்கும் இந்த உறையின் உராய்வு, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி சறுக்குவதைவிடக் குறைவு. அதில் நரம்பு இல்லை, அதனால் வலியில்லாமல் உழைக்கிறது. இரத்தக் குழாயும் இல்லை, அதனால் தேய்ந்தால் திரும்ப வளராது. தேய்ந்துபோன பிறகு எலும்போடு எலும்பு உரசும். எலும்பில் நரம்புண்டு. போதாக்குறைக்கு மூட்டின் மேல்விளிம்பில் எலும்பு முடிச்சுகள் முளைத்து, விரல் மேலே மடங்கவிடாமல் தடுக்கும். மருத்துவர்கள் இதை ‘ஹாலக்ஸ் ரிஜிடஸ்’, அதாவது விறைத்த பெருவிரல், என்கிறார்கள்.

கெட்டியான அடிப்பாகம் கொண்ட செருப்பு, வலி மருந்து, ஊசி, முளைத்த எலும்பைச் சீவிவிடுதல் என்று வழிகள் உண்டு. அவையெல்லாம் கைவிட்டபின் வருவது ஒரு துணிச்சலான யோசனை. வலி அசைவிலிருந்து வருகிறது என்றால் அசைவையே எடுத்துவிடலாம். இரண்டு எலும்பையும் சேர்த்து ஒரே எலும்பாக்கிவிட்டால் உரச எதுவும் மிஞ்சாது. ‘ஆர்த்ரோடெசிஸ்’ எனப்படும் இந்த மூட்டு இணைப்பு அறுவையை 1894இலேயே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி ஹியூ கிளட்டன், கோணலாகிப்போன பெருவிரல்களுக்குச் செய்திருந்தார். எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்க அவர் செருகியது தந்த முளைகள்.

நூற்றாண்டு தாண்டியும் அடிப்படை மாறவில்லை. எலும்பை ஒட்டவைப்பது மருத்துவர் அல்ல, எலும்பேதான். அது சில நிபந்தனைகளை மட்டும் விதிக்கிறது. குருத்தெலும்பு நீங்கி உயிருள்ள எலும்பு வெளியே தெரிய வேண்டும். இரு பரப்பும் நெருங்கி இருக்க வேண்டும். அசையக் கூடாது. இரத்த ஓட்டம் கெடக் கூடாது. நுண்துளை அறுவை என்ற புதிய முறையின் சாமர்த்தியம் எல்லாம் இந்த நான்கையும் மிகச் சிறிய வாசல் வழியாக நிறைவேற்றுவதில் இருக்கிறது.

வழக்கமான முறையில் விரலின் மேற்புறத்தில் பல சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, மூட்டைத் திறந்து பார்ப்பார்கள். இங்கே தோலில் சில மில்லிமீட்டர் துளைகள் மட்டுமே. விரலைத் தூக்கும் தசைநாணும் தோலுக்கு உணர்வு தரும் நரம்புக் கிளையும் ஓடும் பாதையை விட்டு விலகித் துளை போட வேண்டும். தசையையும் சவ்வையும் அதிகம் பிரிக்காததால் எலும்புக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெரிதும் தப்பிக்கின்றன. காயமும் சிறிதாகிறது.

துளைக்குள் நுழைவது ‘பர்’ என்ற சுழலும் அரம். தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ‘சி-ஆர்ம்’ என்ற நகரும் எக்ஸ்ரே கருவி திரையில் படம் காட்டுகிறது. மீதியைக் கைதான் சொல்ல வேண்டும். குருத்தெலும்புக்கு அடியில் கெட்டியான எலும்புத் தகடு, அதற்கும் அடியில் இரத்தம் ஊறிய பஞ்சு எலும்பு. அரம் எந்த அடுக்கில் ஓடுகிறது என்பதை விரல்நுனியில் வரும் எதிர்ப்பை வைத்தே தேர்ந்த மருத்துவர் அறிவார். இரு முனைகளிலும் சமமாகச் சுரண்ட வேண்டும். ஒரு பக்கம் கூடினால் விரல் சாய்ந்துவிடும்.

இதில் பெரிய எதிரி சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் சாகத் தொடங்கும் என்று 1980களில் சுவீடனில் நடந்த ஆய்வுகள் காட்டின. நாம் ஆற்றிக் குடிக்கும் காபிகூட அதைவிடச் சூடாக இருக்கும். அதனால்தான் பல் மருத்துவரின் துரப்பணம் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுழலும்போது, இந்த அரம் சில ஆயிரம் சுற்றுகளோடு நின்றுகொள்கிறது. வேகம் குறைவு, திருகும் பலம் அதிகம். மேலே உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அரைபட்ட எலும்பும் குருத்தும் கூழாகத் துளை வழியே பிதுக்கி வெளியேற்றப்படும்.

அடுத்தது கோணம். ஒட்டியபின் மாற்ற முடியாது என்பதால் எல்லாம் இந்தச் சில நிமிடங்களில் தீர்மானமாக வேண்டும். விரல் அளவுக்கு மீறி மேலே நின்றால் நுனி செருப்பில் இடிக்கும். தாழ்ந்து நின்றால் ஒவ்வொரு எட்டிலும் விரல்நுனி தரையில் குத்தும். தரையிலிருந்து 10 முதல் 15 டிகிரி உயரம், பக்கத்து விரலை நோக்கி அதே அளவு சாய்வு என்பது பொதுவான இலக்கு. அதைச் சோதிக்கும் வழி எளிமையானது. கருவித் தட்டின் தட்டையான மூடியை உள்ளங்காலில் அழுத்திப் பிடிக்கிறார்கள். மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு அதுதான் தரை. விரல் அதன்மேல் எப்படி அமர்கிறது என்று பார்த்து நிலையை முடிவு செய்கிறார்கள்.

பிறகு மெல்லிய கம்பிகள் இரு எலும்பையும் ஊடுருவிச் செல்லும். அவற்றின் மேலேயே நடுவில் துளையுள்ள திருகாணிகள் இறங்கும். இவற்றில் ஒருவகைக்குத் தலையே கிடையாது. தலையில்லாமல் எப்படி இறுக்கும்? ஆஸ்திரேலிய மருத்துவர் திமோதி ஹெர்பர்ட், மணிக்கட்டின் சிறிய எலும்பு ஒன்றுக்காக உருவாக்கி 1984இல் விவரித்த உத்தி இங்கே கைகொடுக்கிறது. திருகாணியின் முன்புரிகள் அகலமானவை, பின்புரிகள் நெருக்கமானவை. முன்புறம் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டரும் பின்புறம் 1 மில்லிமீட்டரும் நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் இரு எலும்புக்கும் இடையிலுள்ள வெளி கால் மில்லிமீட்டர் சுருங்கும். திருகாணி முழுவதும் எலும்புக்குள் புதைந்துவிடுவதால் தோலுக்கடியில் உறுத்தாது. ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டைப் போட்டால் மடக்கத்தையும் முறுக்கத்தையும் தடுக்கும்.

இனி எலும்பின் முறை. உருவாகும் எலும்பு தன் நீளத்தில் இரண்டு சதவீத இழுவிசைத் திரிபைத்தான் தாங்கும் என்பது எலும்புமுறிவுச் சிகிச்சையின் அடிப்படைக் கணக்கு. அதைத் தாண்டி அசைந்தால் அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் நிற்கும். அசையாமல் இருந்தால் உறைந்த இரத்தத்துக்குள் புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் குடைந்துகொண்டு முன்னே செல்ல, இன்னொரு வகைச் செல்கள் பின்னாலேயே புதிய எலும்பை நிரப்பிக்கொண்டு வருகின்றன. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் எக்ஸ்ரேயில் இடைவெளிக்கோடு மங்கத் தொடங்கும். பிறகும் வேலை ஓய்வதில்லை. பாரம் விழும் திசைக்கேற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892இல் எழுதினார். ஒட்டிய விரலும் அப்படித்தான் நடக்க நடக்க உள்ளுக்குள் புதுப்பிக்கப்படுகிறது.

அடிமூட்டு அசையாவிட்டால் நடை என்னாகும்? நகத்துக்கு அருகிலுள்ள மூட்டு அந்த மடக்கத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பலரும் வலியின்றி வேகநடை போடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள், ஓடுகிறார்கள். உயர்ந்த குதிச் செருப்பும் விரல்நுனியில் குந்துவதும் மட்டும் கடினமாகிவிடும். திறந்த அறுவையில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குமேல் எலும்பு ஒட்டிவிடுகிறது. நுண்துளை முறை வயதில் இளையது. தனிப் பயிற்சி கேட்பது. விரல் மிகவும் கோணியிருந்தாலோ, எலும்பு பெரிதும் தேய்ந்து குறைந்திருந்தாலோ, முன்பு செய்த அறுவை தோற்றிருந்தாலோ, திறந்து உலோகத் தகடு பொருத்துவதே பாதுகாப்பாக இருக்கலாம்.

துளை எத்தனை சிறிதானாலும் உள்ளே நடப்பது எலும்பு அறுவைதான். தோல் சீக்கிரம் ஆறிவிடும். எலும்பு தன் காலத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் சிகிச்சையின் கடைசிப் பகுதி நோயாளியின் கையில் இருக்கிறது. புகைபிடித்தல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு ஒட்டுவதைத் தடுக்கிறது. அதை விட வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். கொடுத்த கெட்டிச் செருப்பை, வலி போய்விட்டதே என்று கழற்றிப் போடாமல், சொன்ன நாள்வரை அணிய வேண்டும். மருத்துவர் மூட்டின் அசைவை எடுத்துக்கொண்டு வலியற்ற நடையைத் தர ஏற்பாடு செய்கிறார். அந்த ஏற்பாட்டை முடித்துவைக்க எலும்புக்கு வேண்டியது சில வார அமைதி மட்டுமே.