வயல் சேறும் கடல் தொட்டி மணலும்

தென்காசி மாவட்டத்து ராயகிரிப் பக்கம் நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆன ஒரு நெல் வயலை மனத்தில் கொண்டுவாருங்கள். மேற்கே மலைத்தொடர். வரப்புக்குள் நான்கு விரற்கடைத் தண்ணீர். வயலில் இறங்கிக் காலை எடுத்தால் பாதம் பதிந்த பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு நிறங்கள் தெரியும். மேலே மெல்லிய ஏடு போலப் பழுப்புச் சேறு. அதன் கீழே கருஞ்சாம்பல் சேறு. அடிச்சேற்றைக் கிளறினால் குமிழிகள் கிளம்பும். சில வயல்களில் அழுகிய முட்டையின் நாற்றமும் வரும்.

இந்த ஊரிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரைக்குச் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அப்படியிருக்க, பவளமும் கோமாளி மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியின் அடியில் பரப்புகிற 'உயிர் மணலை'ப் பற்றி உங்களுக்கு ஏன் சொல்லவேண்டும்? காரணம் இருக்கிறது. அந்த மணலுக்குள் நடப்பதும் உங்கள் காலடிச் சேற்றில் நடப்பதும் ஒரே வேலைதான். வயலில் அது உழவருக்கு நட்டம். தொட்டியிலோ அது நடக்காவிட்டால் மீன் பிழைப்பதே கடினம்.

முதலில் மீனைக் கவனிப்போம். மீன் தின்ற உணவிலுள்ள புரதம் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. கடலில் இது ஒரு பொருட்டே அல்ல; அத்தனை தண்ணீர் அங்கே இருக்கிறது. நூறு லிட்டர் தொட்டியில் நிலைமை வேறு. கடல்நீரின் பி.எச். அளவு 8.2 அளவில் இருக்கும்; இவ்வாறு காரத்தன்மை கூடக்கூட அமோனியாவில் நஞ்சு வடிவத்தின் பங்கும் கூடிவிடும். ஆகவே உப்புநீர்த் தொட்டியில் சிறிதளவு அமோனியாவே மீனின் செவுளை அரித்துவிடும். தண்ணீர் பார்ப்பதற்குப் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். புதிதாகத் தொட்டி வைத்த பலர் முதல் வாரத்திலேயே மீனைப் பறிகொடுப்பது இதனால்தான்.

இந்த நஞ்சை அகற்றும் வேலையாட்கள் மணலில் குடியிருக்கிறார்கள். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் நுண்ணுயிரிகள் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. ஒரு கூட்டம் பிராணவாயுவின் துணையுடன் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இவ்விரண்டும் பிராணவாயு எட்டுகிற மேல் மணலில், அதாவது வயலில் நீங்கள் கண்ட பழுப்பு ஏட்டைப் போன்ற பகுதியில், நடப்பவை. நைட்ரேட்டு அவ்வளவு கொடிய நஞ்சன்று. ஆனால் அது சேர்ந்துகொண்டே போனால் பாசி பெருகும், பவளம் வாடும்.

அடுத்த கட்டம் கீழே நடக்கிறது. சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் பிராணவாயு தீர்ந்துபோகிறது. மேலே உள்ள உயிர்களே அதைச் செலவழித்துவிடுகின்றன. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் கட்டுண்டிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துச் சுவாசிக்கின்றன. எஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி மேலே எழுந்து காற்றில் கலந்துவிடுகிறது. காற்றில் ஏற்கெனவே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே! மீன் கழித்த கழிவு இப்படியாகத் தொட்டியை விட்டே வெளியேறுகிறது.

வயலிலும் இதே கதைதான். இட்ட யூரியா அமோனியாவாகிறது. மேல் ஏட்டில் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டு தண்ணீரோடு கீழே இறங்கிக் கருஞ்சேற்றை அடைந்ததும் வாயுவாகிப் பறந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய உரத்தின் ஒரு பங்கு இவ்வாறு போகிறது. யூரியாவைத் தண்ணீரின் மேல் தூவாமல் சேற்றுக்குள் ஆழமாக வைக்கச் சொல்வது இதனாலேயே.

அமோனியாவைத் தின்பவை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல் மீன் தொட்டி ஒன்றின் அடிச்சரளையிலிருந்து ஒரு புதிய உயிரைப் பிரித்தெடுத்ததாக அறிவியலாளர்கள் அறிவித்தனர். அது பாக்டீரியா அன்று. ஆர்க்கியா என்னும் வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிட்டார்கள். அதன் உறவினங்கள் உலகப் பெருங்கடல்கள் எங்கும் நிறைந்திருப்பது இன்று தெரிகிறது. பெருங்கடலின் இரகசியம் ஒன்று கண்ணாடித் தொட்டியின் அடியில் அகப்பட்டது வேடிக்கைதான்.

உயிர் மணலில் நுண்ணுயிர்கள் மட்டும் இருப்பதில்லை. நூல் போன்ற புழுக்கள், எள்ளிலும் சிறிய கணுக்காலிகள், மணலுக்குள் புதைந்திருந்து இரை விழுந்ததும் எழுந்து வரும் சிறு நத்தைகள் எல்லாம் உண்டு. இவை மீன் விட்ட தீனியைத் தின்னும். துளையிட்டு மணலை இறுகாமல் வைத்திருக்கும். மண்புழு உங்கள் தோட்டத்தில் செய்கிற உழவுதான் இது.

இனி மணற்படுகையை அமைக்கும் முறை. எல்லா மணலும் இதற்கு ஆகாது. ஓடை மணலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது, ஏனெனில் அதில் பெரும்பாலும் குவார்ட்சு. பவளத்தூளும் சிப்பித்தூளும் கலந்த கடல் மணலாயின் நுரைக்கும். அது கால்சியம் கார்பனேட்டு. பவளத் தொட்டிக்கு இவ்வகை மணலே ஏற்றது. அடியில் மெதுவாகக் கரைந்து, தண்ணீரின் காரத்தன்மை இறங்கிவிடாமல் ஓரளவு தாங்கிப்பிடிக்கும்.

ஆழத்தில் இரண்டு வழிகள் உண்டு. 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை மெல்லியதாகப் பரப்புவது ஒன்று. 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நுண்மணலை ஆழமாக நிரப்புவது மற்றொன்று. நைட்ரேட்டை வாயுவாக்கும் வேலை நன்றாக நடப்பது ஆழப்படுகையில். கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் மணல் என்றால் சுமார் 40 லிட்டர். எடை ஏறக்குறைய 60 கிலோ! தண்ணீரின் எடை இதற்கு மேல். மேசை தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும். மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்னும் பேராசிரியர், மணலுக்கு அடியில் துளைத் தட்டு வைத்துச் சிறு வெற்றிடம் விடும் முறையை 1980-களில் உருவாக்கினார். அது மூன்றாவது வழி, தொடக்கக்காரர்களுக்குத் தேவையில்லை.

உலர் மணலை நல்ல தண்ணீரில் கலங்கல் குறையும்வரை அலசுங்கள். பாறைகளை வெறுங்கண்ணாடியின் மேல் முதலில் நிறுத்தி, பிறகு மணலைச் சுற்றிலும் கொட்டவேண்டும். மணலின் மேல் பாறையை வைத்தால், வளை தோண்டும் உயிர் ஒன்று ஒருநாள் அதைச் சாய்த்துவிடும். உப்புநீரை ஊற்றும்போது மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கவேண்டும். சமையல் உப்பு போதாது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு படியும்போது கடலின் மெக்னீசியம் உப்புகள் பெரும்பாலும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. எனவே தொட்டிக்கென்று தயாரித்த உப்புக்கலவைதான் வேண்டும்.

இதுவரை இருப்பது செத்த மணல். நன்றாக நடந்துகொண்டிருக்கும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி மணல் வாங்கி மேலே தூவுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். இந்த உறை மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். உப்பில்லாத நீரும் குளோரினும் அதிலுள்ள உயிர்களைக் கொன்றுவிடும். பிறகு ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அமோனியா தரட்டும். மீனை மட்டும் விடாதீர்கள்.

இப்போது காத்திருக்கவேண்டும். சோதனைத் திரவங்களைக் கொண்டு சில நாளுக்கு ஒருமுறை அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து வாருங்கள். அமோனியா ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட்டு ஏறும். பின்பு அதுவும் இறங்கும். இரண்டும் சுழியைத் தொட நான்கு முதல் ஆறு வாரம் ஆவது வழக்கம். உறை வீரியமாக இருந்தால் முன்னதாகவே ஆகலாம். அதற்கு முன் மீனை விடுவது, உலை கொதிக்குமுன் சாப்பிட உட்காருவது போன்றது. இங்கே பட்டினி கிடப்பது நீங்கள் அல்லர், சாவது மீன். அடி மணலின் பாக்டீரியாக்கள் நிலைபெற இன்னும் சில மாதங்கள் பிடிக்கும். ஆழப்படுகையைக் கரண்டி விட்டுக் கிளறவும் கூடாது. அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது உங்கள் வயலின் அதே அழுகிய முட்டை நாற்றம், தொட்டி முழுதும் பரவினால் மீன்கள் சாகும். நோய்க்கென்று செம்பு கலந்த மருந்தை இத்தொட்டியில் ஊற்றினால் மணலின் புழுக்களும் நத்தைகளும் அழியும்.

தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ சுற்றுலா போகும்போது மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பை உயிர் மணலை அள்ளி வரலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மணலைத் தின்று சலித்துத் தரும் கடல் அட்டையும் அப்படியே. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப் பாறைகளை வெட்டியதால் அரண் இழந்து, இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். மீனையே தொட்டியில் பெருக்க முடிகிறபோது, மணலுக்காகக் கடலைத் தோண்டவேண்டியதில்லை.

கடல் தொட்டிக்குச் செலவு அதிகம். ஆனால் அதன் அடுக்குகளைச் செலவின்றிப் பார்க்க ஒரு வழி உண்டு. ருசிய அறிஞர் செர்கி வினோகிராட்ஸ்கி 1880-களில் செய்த சோதனை இது. ஒளி புகும் பிளாசுட்டிக் குப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் குளத்து ஓரச் சேற்றைக் கல், குச்சி நீக்கி இரண்டு கை அள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கிழித்த செய்தித்தாள், பொடித்த முட்டை ஓடு, ஒரு தேக்கரண்டி முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றைச் சேற்றோடு பிசைந்து குப்பியின் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். மேலே குளத்து நீரை விட்டு, மூடியைத் தளர்வாக மூடி, வெளிச்சம் வரும் சன்னலில் வையுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் அடிப்பகுதி கறுக்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் நீரை ஒட்டிப் பச்சையும், அதன் கீழே சில குப்பிகளில் ஊதா அல்லது செந்நிறத் திட்டுகளும் தோன்றும். வாரம் ஒருமுறை குப்பியின் வெளிப்புறத்தில் அளவுகோலை வைத்து ஒவ்வொரு நிறமும் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று குறித்து வாருங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க ஆசை வரும். வீட்டில் வைத்துத் திறந்தால் அம்மா குப்பியோடு உங்களையும் வெளியே அனுப்பிவிடுவார்.