வலியைச் சொல்ல விடுங்கள்

வீட்டுக்குள் ஒரு நோயாளி – 6

புரோஸ்டேட் புற்றுநோய் உடம்பில் பரவ ஆரம்பித்தால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி ஆகியவைதான் அது அதிகம் போய்ச் சேரும் இடங்கள். மார்பகப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் இந்த வழியில் போவதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கட்டி இருக்காது, புண் இருக்காது. 'இடுப்பு வலிக்குது' என்று ஒருவர் சொல்வார். இந்த வயதில் யாருக்குத்தான் இடுப்பு வலிக்கவில்லை என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

என் சித்தப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவருக்கு முதுகுவலி வருவதில் ஆச்சரியம் என்ன? தைலம் தேய்த்தார்கள், இடுப்புக்குப் பெல்ட் வாங்கினார்கள், வாயுவாக இருக்கும் என்று பூண்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். ஆனால் ராத்திரி படுத்ததும் வலி கூடியது. உழைத்த அலுப்பில் வரும் வலி படுத்தால் தணியும், இது தணியவில்லை. கடைசியில் புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்த்து, எலும்பு ஸ்கேன் எடுத்தபோது முதுகிலும் இடுப்பிலும் பல இடங்களில் நோய் தெரிந்தது.

ஹார்மோன் ஊசி போட்டார்கள். எலும்பு முறியாமல் இருக்க, மாதாமாதம் நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். இந்த நிலையில் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம், பலருக்கு வருடக்கணக்கில்கூட வைக்கலாம். அடியோடு போக்க முடியாது. சிகிச்சை விவரங்களைப் போன வாரங்களில் எழுதிவிட்டேன். இந்த வாரம் வலியைப் பற்றி மட்டும் பேசுவோம். எலும்புக்குப் பரவிய நோயில் குடும்பத்தை முதலில் உடைப்பது மரண பயம் இல்லை, வலிதான்.

சித்தப்பா வலியை வெளியே சொல்லமாட்டார். சென்னையிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிட்டால், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "நல்லா இருக்கேன்டா, நீ வேலையைப் பாரு" என்பார். அந்த நேரத்தில் அவருடைய இடது கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருப்பது போனில் தெரியாது. சித்திக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பேலியேட்டிவ் (வலி நிவாரண) நர்ஸ், "வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எத்தனை ஐயா?" என்று கேட்டார். "மூணு இருக்கும்மா" என்றார் சித்தப்பா. வாசல்வரை கூடவே வந்த சித்தி, "மூணுன்னா நேத்து ராத்திரி ஏன் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சாரு? ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கணுமேன்னு தண்ணியே குடிக்கிறதில்லை" என்றார். நர்ஸ் அங்கேயே நின்று, "இதை எழுதி வையுங்கம்மா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார்.

சித்தி எடுத்தது பழைய பால் கணக்கு நோட்டு. ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டார்: மணி, வலி, மாத்திரை, வெளிக்குப் போனது. 'காலை 6 – வலி 6. திருப்பிப் படுக்க வெச்சப்ப 9. மாத்திரை குடுத்தது 6.15. ஏழு மணிக்கு 4. பேப்பர் படிச்சார்.' கடைசி இரண்டு சொற்களை டாக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார். வலி நாலுக்கு இறங்கினால் இந்த மனிதர் பேப்பர் படிக்கிறார். எவ்வளவு வலியைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அளவு வேறு எங்கே கிடைக்கும்? எட்டாவது வகுப்போடு படிப்பை நிறுத்திய சித்தி எழுதிய அந்த நோட்டை, நான் பார்த்த மிக நல்ல மருத்துவக் குறிப்புகளில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

டாக்டர் மார்ஃபின் எழுதினார். வீடு கலங்கிப்போனது. "அது கடைசியில குடுக்கிறதுல்ல?" என்று மகன் போனில் அழுதார். "பழக்கமாயிடும், அப்புறம் விடமுடியாது" என்று உறவுக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்த இரண்டு பயமும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருக்கிறது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

மார்ஃபின் ஆரம்பிப்பது சாவு நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் கிடையாது. மருந்தின் அளவை வலிதான் தீர்மானிக்கிறது. மிச்சமிருக்கும் நாட்கள் தீர்மானிப்பதில்லை. முறையாகக் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது. கதிர்வீச்சில் வலி தணிந்தபின் அளவைப் படிப்படியாகக் குறைத்தவர்களும், நிறுத்தியவர்களும்கூட உண்டு. புற்றுநோய் வலிக்காக டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அரிது. நாமாகத் திடீரென்று நிறுத்துவதுதான் தவறு.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். அதனால் வலி வந்தபின் கொடுக்காமல், வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. ஆகவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சித்தியின் நோட்டில் இருந்த நான்காவது கட்டம் இதற்குத்தான் கைகொடுத்தது.

கதிர்வீச்சையும் கேட்டுப் பாருங்கள். எலும்பு வலிக்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரே தடவை கொடுப்பதே பல தடவை கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கிறது. சிலருக்குப் பிறகு இன்னொரு முறை தேவைப்படலாம், அவ்வளவுதான். முதல் சில நாட்கள் வலி சற்றுக் கூடலாம். நிவாரணம் முழுதாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். இது தெரியாமல் 'கரன்ட் வெச்சதாலதான் ஜாஸ்தியாச்சு' என்று பாதியில் மனம் விட்டுப்போகிற குடும்பங்கள் நிறைய.

ஒன்று என்னை இன்றுவரை உறுத்துகிறது. சட்டப்படி அபின் விளைவிக்கிற நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள்; நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கு அனுப்பும் மருந்து நம் ஊர் நோயாளிக்குக் கிடைக்கவில்லை. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஏகப்பட்ட லைசென்ஸ் கேட்டதால், ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. மருத்துவ மாணவர்களில் ஒரு தலைமுறையே அதை எழுதிப் பழகாமல் வெளியே வந்தது. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் சீட்டை நீட்டினால் இன்றும் கிடைக்காது. பெரும்பாலும் அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா வீட்டில் அதைக் கண்ணாரக் கண்டேன். நோய் பரவிய விஷயத்தை அவரிடம் சொல்லக்கூடாது என்று பிள்ளைகள் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். ஒருநாள் அவர் மகளைக் கூப்பிட்டு, "பென்ஷன் புக்குல அம்மா பேரு, பொறந்த தேதி சரியா இருக்கான்னு பாத்துடு. குடும்ப பென்ஷன் வாங்கறப்ப அலைய வெச்சிடுவானுங்க" என்றார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? அன்று மாலை மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினாள். மாத்திரை அளவு மாறவில்லை. அன்று ராத்திரி நோட்டில் சித்தி எழுதிய எண் 3.

பார்த்துக்கொள்கிறவரின் உடம்பையும் யாராவது பார்க்க வேண்டும்; நோயாளியைத் திருப்பும் வேலையை ஒருவர் மேலேயே போடாதீர்கள். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கையையோ தோளையோ பிடித்து இழுக்காதீர்கள். நோய் அரித்த எலும்பு முறியலாம். முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று போர்வையோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு அரைமணி முன்பு, டாக்டர் சொல்லியிருந்தால், கூடுதல் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள்.

இரண்டு விஷயத்துக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காலில் திடீரென்று பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் பிரியாமல் போவது: முதுகுத் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதித்தால் பெரும்பாலும் திரும்பாது. இன்னொன்று, அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அதோடு சேர்ந்த குழப்பப் பேச்சு. அரித்த எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். 'மார்ஃபின் மயக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் கவரோடு ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'வலிக்கு என்ன செய்யப் போறீங்க டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், வேறு டாக்டரைப் பாருங்கள்.

(தொடரும்)